நாய்களுக்கு வரும் கணைய அழற்சி: முதல் வாந்தி முதல் நீண்ட நாள் பத்தியம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

விருந்து முடிந்த மறுநாள் வீட்டு நாய் வாந்தி எடுத்தால், "எதையோ தின்னுடுச்சு, தானா சரியாயிடும்" என்பதுதான் நம் வீடுகளில் வரும் முதல் பேச்சு. பல நேரம் அப்படியே சரியாகியும் விடுகிறது. ஆனால் மட்டன் கொழுப்பையோ, பிரியாணி மிச்சத்தையோ, வாணலியில் மிஞ்சிய எண்ணெயில் பிசைந்த சோற்றையோ தின்ற நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பி, வயிற்றில் கைவைத்தால் உறுமினால் அதை வெறும் அஜீரணம் என்று விட்டுவிடக் கூடாது. கணையம் வீங்கியிருக்கலாம். டாக்டர்கள் பேன்கிரியாட்டைட்டிஸ் என்று சொல்வது இதைத்தான்.

இந்த நோயில் நம் கையில் இருப்பவை இரண்டு. எவ்வளவு சீக்கிரம் டாக்டரிடம் கொண்டு போகிறோம் என்பது ஒன்று. பிழைத்து வந்த பிறகு வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பத்தியத்தில் உறுதியாக நிற்கிறோமா என்பது மற்றொன்று. நடுவில் இருக்கும் மருத்துவம் டாக்டரின் வேலை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பதற்றம் குறையும், சரியான கேள்வியும் கேட்க முடியும்.

கணையத்துக்குள் என்ன நடக்கிறது

இரைப்பைக்கும் சிறுகுடலின் தொடக்கத்துக்கும் அருகில், ஆங்கில 'வி' எழுத்தைப் போல வளைந்து கிடக்கும் சிறிய உறுப்பு கணையம். அதற்கு இரண்டு வேலை. இன்சுலின் போன்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுவது ஒன்று. கொழுப்பு, புரதம், மாவுச்சத்து ஆகியவற்றைச் செரிக்க வைக்கும் நொதிகளைக் குடலுக்கு அனுப்புவது இன்னொன்று. புரதத்தையே கரைக்கும் நொதிகள் கணையத்தையும் கரைத்துவிடாதா? அதற்காகத்தான் அவை செயல்படாத நிலையில் தயாராகி, குடலுக்குள் போன பிறகே வேலையைத் தொடங்குகின்றன. டிரிப்சினோஜன் என்ற பொருள் குடலில்தான் டிரிப்சினாக மாற வேண்டும். அந்த மாற்றம் கணையத்தின் உயிரணுக்களுக்குள்ளேயே நடந்துவிட்டால், டிரிப்சின் மற்ற நொதிகளையும் தட்டி எழுப்பிவிடும். கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும்.

இதனால் வரும் வீக்கம் சில நாய்களில் கணையத்தோடு நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் தேறிவிடும். சில நாய்களில் அழற்சி உடல் முழுக்கப் பரவி, ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு, ரத்தம் உறையும் முறையே குலைந்துபோகும். கடுமையாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நாய்களில் இறப்பு விகிதத்தை வெவ்வேறு ஆய்வுகள் 27 முதல் 58 சதவீதம் வரை சொல்கின்றன. லேசான வகையும் இந்தக் கடுமையான வகையும் முதல் நாளில் ஒரே மாதிரிதான் தெரியும். காத்திருந்து பார்க்கலாம் என்ற யோசனை ஆபத்தாவது அதனால்தான்.

திடீரென்று வருவதைத் தவிர, நாள்பட்ட வகையும் உண்டு. மாதத்தில் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருப்பது, லேசாக வாந்தி எடுப்பது, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடியாடுவது என்று வருடக்கணக்கில் நீளும். "எங்க நாய்க்கு வயிறு கொஞ்சம் வீக்" என்று சொல்லிக்கொண்டே நாம் கடந்துபோகும் நாய்களில் சிலவற்றுக்கு இதுதான் இருக்கும்.

எந்த நாய்க்கு வரும்

எந்த நாய்க்கும் வரலாம். நாட்டு நாய்க்கு வராது என்று நம்பி இருந்துவிட வேண்டாம். ஆனால் மினியேச்சர் ஷ்னாஸர், யார்க்‌ஷயர் டெரியர், காக்கர் ஸ்பேனியல், கவாலியர் கிங் சார்லஸ், டாஷ்ஹண்ட், பூடில் ஆகிய இனங்களில் இது அதிகம் பதிவாகிறது. ஷ்னாஸர்களுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருக்கும் போக்கு உண்டு. நடுத்தர வயதைத் தாண்டிய, எடை கூடிய, ஓட்டம் குறைந்த நாய்கள் அடுத்த வரிசை. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் சோபாவிலேயே பொழுதைக் கழிக்கும் குண்டு பக், ஷீட்ஸு, பீகிள் எல்லாம் இதில் அடக்கம்.

பெரும்பாலான நாய்களில் காரணம் இன்னதென்று திட்டவட்டமாகக் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. குப்பைத் தொட்டியைக் கிளறித் தின்றது, ஒரே வேளையில் நிறையக் கொழுப்பு உள்ளே போனது என்பவை அடிக்கடி வரும் பின்னணி. தைராய்டு குறைபாடு, குஷிங் நோய் (கார்டிசால் ஹார்மோன் அதிகமாவது), சர்க்கரை நோய் இருக்கும் நாய்களுக்கு ஆபத்து கூடுதல். வலிப்புக்குத் தரும் பொட்டாசியம் புரோமைடு, பினோபார்பிட்டால் ஆகியவையும், அசாதியோப்ரின் மாத்திரையும், புற்றுநோய்க்கான எல்-அஸ்பராஜினேஸ் ஊசியும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. அதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அடக்க முடியாத வலிப்பு வந்து, கணையத்தை விடப் பெரிய சிக்கலாகிவிடும். உண்ணி மூலம் பரவும் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி, சில பூச்சிக்கொல்லி மருந்துகள், வயிற்றில் பட்ட அடி, மயக்க மருந்தின்போது இறங்கிய ரத்த அழுத்தம் ஆகியவையும் காரணமாகலாம்.

படி 1: அறிகுறியைப் படியுங்கள்

வாந்தி, சாப்பிட மறுப்பது, சோர்வு, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். பட்டியல் இவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் எல்லா நாயும் எல்லாவற்றையும் காட்டாது. இந்த நோயில் இறந்த 70 நாய்களைப் பற்றி 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 90 சதவீத நாய்கள் சாப்பிட மறுத்திருந்தன, வாந்தியும் எடுத்திருந்தன. ஆனால் வயிற்று வலி 58 சதவீதத்திலும் வயிற்றுப்போக்கு 33 சதவீதத்திலும்தான் பதிவாகியிருந்தது. எனவே, வயிற்றுப்போக்கு இல்லை, அதனால் பயமில்லை என்று கணக்குப் போட வேண்டாம்.

நாய் வலியை மறைக்கும் பிராணி. அதனால் வலியை உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் முழங்கையோடு தரையில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை மட்டும் தூக்கிக்கொண்டு சில நொடிகள் அப்படியே நிற்கும். தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கும்போதும், விளையாடக் கூப்பிடும்போதும் நாய்கள் இதே மாதிரிதான் வளையும். வித்தியாசம் எங்கே என்றால், விளையாட்டில் வால் ஆடும், கண் உங்களைத் தேடும், அடுத்த நொடி துள்ளிவிடும். வலியில் வால் தொங்கும், பார்வை எங்கோ இருக்கும், அந்த நிலையிலிருந்து மெதுவாக இறங்கிப் படுத்து, சிறிது நேரத்தில் எழுந்து மறுபடியும் அதே மாதிரி நிற்கும். சில நாய்கள் முதுகைக் கூனிக்கொண்டு நடக்கும். சில ஒரு பக்கமாகப் படுக்கவே மறுக்கும். குளிர்ந்த டைல்ஸ் தரையைத் தேடி வயிற்றை அழுத்திப் படுப்பதும் உண்டு. உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் வடிவது, திரும்பத் திரும்ப விழுங்குவது எல்லாம் குமட்டலின் அடையாளம்.

இதில் ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓக்களித்துக்கொண்டே இருந்தால், அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய, மார்பு ஆழமான நாய்களில் அது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். அங்கே இந்த வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே வண்டியை எடுங்கள்.

படி 2: வீட்டில் முதல் அரை மணி நேரம்

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெளிறியிருந்தாலோ, செங்கல் நிறத்துக்குப் போயிருந்தாலோ, மஞ்சள் தட்டினாலோ அவசரம். பிடரித் தோலைத் தூக்கி விட்டால் சட்டென்று படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது. பிரத்யேகமாக நாய்க்கென்று ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் மலத்துவாரத்தில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்குச் சாதாரணம். நம் உடம்போடு ஒப்பிட்டு, தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி, குடித்த தண்ணீரும் நிற்காதது, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி, தெளிவான வயிற்று வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். குட்டி நாய், வயதான நாய், சர்க்கரை நோய் உள்ள நாய் என்றால் ஒரு வாந்திக்குப் பிறகு சாப்பிட மறுத்தாலே போதும், கிளம்பிவிடுங்கள்.

இனி, செய்யக் கூடாதவை. இங்கேதான் நல்லெண்ணத்தில் நிறையத் தப்பு நடக்கிறது. வலிக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். நீர் வற்றிய நாயின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கல்லீரலையும் அவை புண்ணாக்கும். தின்றதை வெளியே எடுக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிறு சுத்தமாகும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பது, கணையத்துக்கு அந்த நேரத்தில் சற்றும் தேவையில்லாத எண்ணெயையே கொடுப்பது. ஓம வாட்டர், இஞ்சிச் சாறு, எலக்ட்ரால் எதையும் சிரிஞ்சால் வாயில் அழுத்தி ஊற்ற வேண்டாம். குமட்டலில் இருக்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும் ஆபத்து உண்டு. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, தானாக நக்கிக் குடிக்கும் அளவில் வையுங்கள். அதுவும் வாந்தியாக வந்தால் அதையும் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

வாந்தி எப்போது தொடங்கியது, எத்தனை முறை, என்ன நிறம் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விசித்திர வளைவை ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். மேஜை மேல் ஏற்றியதும் பயத்தில் நாய் நிமிர்ந்து நிற்கும், வலியே இல்லாதது போல நடிக்கும். கடைசி இரண்டு நாளில் தின்றதை மறைக்காமல் சொல்லுங்கள். "பெடிகிரி மட்டும்தான் டாக்டர்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போது, வெளியே பெஞ்சில் பாட்டி "ராத்திரி ரெண்டு வடை வாங்கித் தின்னுச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வடைதான் டாக்டருக்கு வேண்டிய தகவல்.

தடுப்பூசி அட்டை, இப்போது தரும் மாத்திரைகளின் பெயர், சமீபத்தில் உடம்பில் உண்ணி பார்த்தீர்களா, வீட்டில் எலிமருந்து வைத்திருக்கிறீர்களா, காணாமல் போன சாக்ஸ், பந்து, மாங்கொட்டை, சோளக் கட்டை உண்டா என்பதையும் சொல்லுங்கள். மாம்பழக் காலத்தில் மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்ட நாயும் இதே மாதிரிதான் வாந்தி எடுத்து, வயிறு வலித்துப் படுத்திருக்கும். அதற்கு வேண்டியது ஆபரேஷன்.

படி 4: பரிசோதனைகளைப் புரிந்துகொள்வது

ஒரே டெஸ்டில் முடிவு சொல்லும் நோய் இது இல்லை. இதைப் புரிந்துகொண்டால், "ஏன் இத்தனை டெஸ்ட்" என்ற எரிச்சல் வராது. பார்வோ வைரஸ், லெப்டோஸ்பைரோசிஸ், சிறுநீரகச் செயலிழப்பு, அடிசன் நோய் (அட்ரீனல் சுரப்பி போதுமான ஹார்மோன் சுரக்காதது), பெண் நாய்களின் கருப்பைச் சீழ், உண்ணிக் காய்ச்சல் என்று இதே முகத்தோடு வரும் நோய்கள் நிறைய. டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு, சிறுநீரக அளவுகள், கல்லீரல் நொதிகள், சர்க்கரை, கால்சியம், உப்புகள் எல்லாம் பார்ப்பார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த குழாயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத நாயின் குழாயில் அது பால் போல வெளுத்து நின்றால், ரத்தத்தில் கொழுப்பு தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

சாதாரண அமிலேஸ், லைபேஸ் அளவுகளை மட்டும் வைத்து நாயில் இந்த நோயை உறுதி செய்வது நம்பகமானதல்ல. சிறுநீரகக் கோளாறிலும் குடல் கோளாறிலும் அவை ஏறும். கணையத்திலிருந்து வரும் லைபேஸை மட்டும் குறிவைத்து அளக்கும் சி.பி.எல்.ஐ டெஸ்ட் அதைவிட மேல். ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கும் ஸ்பெக் சி.பி.எல் டெஸ்டில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை சாதாரணம், 400-ம் அதற்கு மேலும் போனால் கணைய அழற்சியோடு ஒத்துப்போகிறது, நடுவில் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் செய்யும் ஸ்னாப் கிட் ஒன்றும் உண்டு. அதில் நெகட்டிவ் வந்தால் இந்த நோய் பெரும்பாலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பாசிட்டிவ் வந்தால் மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. வயிற்றுக்குள் வேறு கோளாறு இருந்தாலும் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் எக்ஸ்ரேயும் ஸ்கேனும். எக்ஸ்ரே முக்கியமாக அடைப்பைத் தள்ளுவதற்கு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், அனுபவமுள்ள கைக்கு, வீங்கி இருண்ட கணையமும் அதைச் சுற்றிப் பளிச்சென்று தெரியும் கொழுப்பும் புலப்படும்.

சின்ன ஊர்களில் இந்தக் கிட்டும் ஸ்கேனும் கிடைக்காமல் போகலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. அடைப்பும் பார்வோவும் இல்லை என்று தெரிந்தால், டிரிப்பும் வாந்தி மருந்தும் வலி மருந்தும் தொடங்கிவிடலாம் என்று டாக்டர் முடிவெடுப்பது சரியான முடிவுதான். நாய் தேறவில்லை என்றால், சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

படி 5: சிகிச்சை

கணையத்துக்கென்று ஒரு மாய ஊசி கிடையாது. ஃபூசாப்லாடிப் என்ற மருந்து ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்து, அமெரிக்காவில் 2022-ல் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. ஆனால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடித்தளம் நான்குதான்: நரம்பு வழியாகத் திரவம், வாந்தியை நிறுத்துவது, வலியைக் குறைப்பது, சீக்கிரம் சாப்பிட வைப்பது.

திரவம்தான் முதலில். ரிங்கர் லாக்டேட் போன்ற திரவம் கணையத்துக்கு ரத்த ஓட்டத்தைக் காக்கும். தினமும் காலையில் கூட்டிப்போய் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது லேசான நோய்க்குப் போதலாம். நிற்கவே முடியாத நாய்க்குப் போதாது. "இரவு தங்க வைக்க வேண்டுமா, இங்கே இரவில் ஆள் இருப்பார்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். இரவில் ஆள் இல்லாத இடம் என்றால், ஆள் இருக்கும் இடம் எது என்றும் அவரிடமே கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாந்திக்கு மாரோபிடன்ட், ஆன்டான்செட்ரான். வலிக்கு பியூப்ரினார்ஃபின், பியூட்டார்ஃபனால், ஃபென்டனில் வகை மருந்துகளில் கிடைப்பது. கணைய அழற்சியின் வலி கடுமையானது. நாய் கத்தவில்லை என்பதால் வலி மருந்தை விட்டுவிடக் கூடாது, "வலிக்குத் தனியாக ஏதாவது போட்டீர்களா டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆன்டிபயாடிக் எல்லா நாய்க்கும் தேவைப்படுவதில்லை. நாய்களில் இது பெரும்பாலும் கிருமியால் வருவதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் பழைய வழக்கம் முற்றிலும் மாறிவிட்டது. கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று முன்பெல்லாம் நாலைந்து நாள் பட்டினி போடுவார்கள். குடலுக்கு உணவே போகாவிட்டால் குடலின் உள்சுவர் பலவீனமாகிறது என்று தெரிந்த பிறகு, வாந்தி அடங்கியதும், முடிந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள், கொழுப்பு குறைந்த உணவைச் சிறிதளவு தொடங்குகிறார்கள். தானாகச் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு ஊட்டுவார்கள். குழாயைப் பார்த்துப் பதற வேண்டாம். அது நாய் மோசமாகிவிட்டது என்பதற்கான அடையாளம் இல்லை, தேறுவதற்கான வழி.

படி 6: வீட்டுக்கு வந்த முதல் வாரம்

முதலில் எவ்வளவு கலோரி என்று தெரிய வேண்டும். எடையைக் கிலோவில் 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 10 கிலோ நாய்க்கு 370 கலோரி. ஓய்வில் இருக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஏறக்குறைய அளவு இது. முதல் நாள் இதில் கால் பங்கு, அடுத்த நாள் பாதி என்று மூன்று நான்கு நாளில் முழு அளவுக்கு வரலாம். அதையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மறுபடி குமட்டல் தெரிந்தால் ஒரு படி பின்னால் போய் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

என்ன கொடுப்பது? ராயல் கேனின், ஹில்ஸ் போன்ற கம்பெனிகளின் 'லோ ஃபேட்' மருத்துவ உணவு கிடைத்தால் வசதி. இல்லாவிட்டால் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். வேகவைத்த கறி 100 கிராம், சோறு 200 கிராம் சேர்ந்தால் சுமார் 425 கலோரி வரும், அதில் கொழுப்பு ஏறக்குறைய 4 கிராம்தான். வேகவைத்த தண்ணீரைக் குளிரவைத்து, மேலே படியும் கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு அதையே பிசையப் பயன்படுத்துங்கள். வாசனைக்கு நாய் வரும். வெங்காயமும் பூண்டும் வேண்டாம், அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கறியும் சோறும் மட்டும் சில வாரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும் மற்ற சத்துகளும் குறையும். நீண்ட நாள் வீட்டுச் சமையல்தான் என்றால் டாக்டரிடம் கேட்டுச் சத்துக் கலவை சேர்க்க வேண்டும்.

படி 7: பாக்கெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைக்க வேண்டும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். கொழுப்பை பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். 1,000 கலோரிக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். 20 கிராம் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் கொழுப்பு குறைந்த உணவு.

கணக்கு எளிது. கொழுப்புச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு கிலோவில் எத்தனை கிராம் என்று வரும். அதை, ஒரு கிலோவில் இருக்கும் கலோரியை ஆயிரத்தால் வகுத்து வருவதால் வகுக்க வேண்டும். கொழுப்பு 14 சதவீதம், கிலோவுக்கு 3,800 கலோரி என்று இருக்கும் உலர் உணவில் 140-ஐ 3.8-ஆல் வகுத்தால் 37 கிராம். இது நம் நாய்க்கு அதிகம். கொழுப்பு 7 சதவீதம், 3,500 கலோரி என்றால் 20 கிராம். இது சரி. இப்போது ஈர உணவு ஒன்று: கொழுப்பு வெறும் 4 சதவீதம், கிலோவுக்கு 900 கலோரி. 40-ஐ 0.9-ஆல் வகுத்தால் 44 கிராம்! பார்க்கக் குறைவாகத் தெரிந்த 4 சதவீதம்தான் மூன்றிலும் அதிகக் கொழுப்பு. பாக்கெட்டில் பெரும்பாலும் போடுவது குறைந்தபட்சக் கொழுப்பு என்பதால், உண்மையில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இதே அளவுகோலை நம் சமையலறைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நாளைக்கு 300 கலோரி தின்னும் 5 கிலோ பொமரேனியனுக்கு நாள் முழுவதும் சேர்த்தே 6 கிராம் கொழுப்புதான் கணக்கு. ஒரு டீஸ்பூன் நெய்யில் ஏறக்குறைய 5 கிராம் போய்விடும். ஒரு முழு முட்டையிலும் அதே அளவு, கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள் கருவில். வெள்ளைக்கரு கொடுக்கலாம். தேங்காய்த் துண்டு, வேர்க்கடலை, பனீர், கோழித்தோல், மட்டன் கொழுப்பு, முறுக்கு, வடை, முடி பளபளக்க என்று சோற்றில் விடும் தேங்காய் எண்ணெய் எல்லாம் நிரந்தரமாக வெளியே. ஆசைக்குக் கொடுக்க வேகவைத்த பூசணி, சுரைக்காய், கேரட், தோல் சீவி விதை எடுத்த ஆப்பிள் இருக்கின்றன.

படி 8: வீட்டு ஆட்கள்

நோய் திரும்ப வந்த நாய்களின் வீட்டில் விசாரித்தால், பத்தியம் தெரியாமல் போனதை விட, பத்தியம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்ததுதான் சிக்கலாக இருக்கும். "ஒரு வாய்தானே, ஏக்கமா பார்க்குது" என்று பாட்டி கொடுப்பார். தம்பி பிஸ்கட்டைப் பாதி உடைத்துப் போடுவான். வாட்ச்மேன் அண்ணா பாசத்தில் பரோட்டா வைப்பார். யாரையும் திட்டிப் பயனில்லை, அவர்களும் நாயை நேசிப்பவர்கள்தான். காலையிலேயே அன்றைய பங்கிலிருந்து பத்துப் பதினைந்து துண்டு கோழிக்கறியை ஒரு டப்பாவில் எடுத்து வைத்து, "கொடுக்கணும்னு தோணினா இதிலிருந்து கொடுங்க பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள். கொடுக்கும் கைக்கும் குறை இருக்காது. பண்டிகை, கல்யாண நாட்களில் நாயை ஓர் அறையில் தனியாக விட்டு, எச்சில் இலை, குப்பைக் கூடை எல்லாவற்றையும் மூடிய பிறகே வெளியே விடுங்கள். நடைக்குப் போகும்போது தெருவில் கிடப்பதைத் தின்னும் பழக்கம் இருந்தால் கூடை போன்ற வாய்மூடி உதவும்.

படி 9: தேறிய பிறகு

இரண்டு மூன்று வாரத்தில் மறுபரிசோதனைக்குப் போங்கள். 12 மணி நேரம் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு பார்க்கச் சொல்லுங்கள். பத்தியத்துக்குப் பிறகும் அது டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டி நின்றால் தைராய்டு, குஷிங், சர்க்கரை நோய்களைத் தேட வேண்டும், மருந்தும் தேவைப்படலாம். எடை கூடிய நாய் என்றால் வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது சரியான வேகம். ஒருமுறை வந்து, காரணமும் தெரிந்து, ரத்தக் கொழுப்பும் சரியாக இருக்கும் நாய்க்குச் சில மாதத்துக்குப் பிறகு மிதமான கொழுப்பு உணவுக்கு டாக்டர் அனுமதிக்கலாம். திரும்பத் திரும்ப வந்த நாய்க்கு வாழ்நாள் முழுக்கக் கொழுப்பு குறைந்த உணவுதான்.

கணையத்தில் தழும்பு கூடக் கூட இரண்டு பின்விளைவுகள் வரலாம். நாய் வழக்கத்தை விட நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, இளைத்தால் சர்க்கரை நோய்க்குப் பார்க்க வேண்டும். வெறிபிடித்தது போலப் பசித்தும், தின்றும், இளைத்துக்கொண்டே போய், மலம் வெளிறி எண்ணெய்ப் பசையோடு குவியல் குவியலாக வந்தால், கணையம் நொதி சுரப்பதை நிறுத்திவிட்டிருக்கலாம். டி.எல்.ஐ என்ற ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். உணவோடு நொதிப் பொடி கலந்து கொடுத்தால் நாய் மறுபடி எடை போடும். மாதம் ஒருமுறை எடையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் டாக்டரின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும், அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்பதையும் இன்றே விசாரித்து எழுதிவிடுங்கள்.